நீங்கள் வகுப்பில் வாசித்த கடிதம்

சார்,

உங்கள் நினைவேந்தல் கூட்டத்துக்கான அழைப்பிதழ் இன்று காலை வந்தது. சந்தன மாலை போட்ட உங்கள் படத்துக்குக் கீழே ‘மாணவர்களின் தந்தை’ என்று அச்சடித்திருக்கிறார்கள். நானும் ஐந்து நிமிடம் பேச வேண்டுமாம். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். எனக்குப் பேச இருப்பதை அந்த மேடையில் பேச விடமாட்டார்கள்.

ஜெனியை நீங்கள் எப்போதோ மறந்திருப்பீர்கள். உவரிக் கடற்கரையில் மீன்பிடிக்கிறவர் மகள்; விடுதியில் என் அறைத்தோழி. எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டில் அவளுக்குத் தூக்கம் போயிற்று. சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே எழுந்துவிடுவாள். உங்கள் வகுப்பு இருக்கிற நாளில் காலையிலேயே வாந்தி எடுப்பாள். ‘பத்துப் பேரை ஃபெயிலாக்கினால்தான் பதினோராவது ஆள் படிப்பான்’ என்று நீங்கள் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. நான்தான் அவளைப் பாளையங்கோட்டையில் ஒரு மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனேன். செய்முறைத் தேர்வைத் தள்ளிவைக்கச் சொல்லி அவர் கொடுத்த கடிதத்தை உங்கள் மேசையில் வைத்ததும் நான்தான்.

மறுநாள் அதை வகுப்பில் உரக்க வாசித்தீர்கள். நோயின் பெயர், மாத்திரையின் பெயர், ஒன்று விடாமல். பிறகு அவளை எழுந்து நிற்கச் சொல்லி, “கிறுக்குக்கு எதுக்கும்மா எம்.எஸ்சி.?” என்றீர்கள். வகுப்பு சிரித்தது. பாடம் முடியும்வரை அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

இரண்டு நாள் கழித்து அவள் அப்பா வந்தார். கடலுக்குப் போகாமல் பஸ் ஏறி வந்த மனிதரை உங்கள் அறை வாசலில் மதியம்வரை நிறுத்திவைத்தீர்கள். நானும் கூடவே நின்றேன். உள்ளே கூப்பிட்டு அவள் மதிப்பெண்களைச் சொல்லத் தொடங்கியதும் அவர் குறுக்கிட்டார். “பரீட்சை கெடக்கட்டும் சார். எம்புள்ள தூங்க மாட்டேங்கா. அத யாராவது கேட்டீங்களா?” நீங்கள் மணியை அடித்துப் பியூனைக் கூப்பிட்டீர்கள். அன்று மாலையே அப்பா அவளைப் பெட்டியோடு கூட்டிப்போய்விட்டார்.

அவள் தேறி வந்துவிட்டாள், சார். வேறு கல்லூரியில் படிப்பை முடிக்க நாலு வருஷம் ஆயிற்று. நாகர்கோவிலில் ஒரு ஆய்வகத்தில் வேலை பார்க்கிறாள். நாலு பேர் முன்னால் எழுந்து நிற்க வேண்டி வந்தால் இன்றும் ஏதாவது சாக்குச் சொல்லி வெளியே போய்விடுவாளாம்.

நீங்கள் போன செய்தியை நான்தான் அவளுக்குப் போனில் சொன்னேன். சந்தோஷமாகத்தான் சொன்னேன், மறைப்பானேன்? அவள் பைய சொன்னாள்: “அவரு போயாச்சு, விடுட்டி. அன்னைக்கு நீயும்லா சிரிச்ச.”

ஆமாம். முன்வரிசையில் இருந்தேன். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள், சிரித்தேன். உங்களை மன்னிக்க எனக்கு மனமில்லை. அந்தச் சிரிப்பை உங்கள் தலையில் கட்டவும் முடியவில்லை.