டென்னஸியில் ஒரு சில்க் போர்டு

21 ஏப்ரல், திங்கள்

இன்றைக்கு ஒரு தம்பதியைக் கம்பியில் தொங்கவிட்டுக் காட்டுக்கு மேலே பறக்கவிட்டேன். ஒரு குடும்பத்தை அருவிக்கு அனுப்பினேன். நாலு பையன்களை மலையேற்றினேன். எல்லாம் பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டி ஆபீஸின் மூன்றாவது மாடியில், ஏசிக்கு நேர் கீழே, சால்வை போர்த்திக்கொண்டு.

இதுதான் வேலை. டென்னஸிக்குச் சுற்றுலா போகும் அமெரிக்காக்காரர்களுக்கு எத்தனை மணிக்குக் கிளம்புவது, எதைப் பார்ப்பது, எங்கே சாப்பிடுவது என்று நாள் திட்டம் எழுதுவது. இதுவரை மற்றவர்கள் போட்ட திட்டத்தில் துண்டு துண்டாக எழுதினேன். நாளையிலிருந்து எனக்கே எனக்கென்று முழுத் திட்டம் தருகிறார்களாம்.

அம்மா காலையில் டிபன் கட்டும்போதே ஆரம்பித்துவிட்டாள். "ஊர்ல இருக்கிறவங்கள எல்லாம் டூர் அனுப்புற, நீ எங்கடி போயிக்கிற? அல்சூர்ல பொறந்து கப்பன் பார்க் தாண்டல."

உண்மைதான். என்ன செய்ய?

வீட்டுக்குப் போகும் ஆபீஸ் கேபில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். சில்க் போர்டு சிக்னலில் வண்டி நகர்ந்து அரை மணி ஆகிறது. டிரைவர் இன்ஜினையே நிறுத்திவிட்டார்.

24 ஏப்ரல், வியாழன்

முதல் கஸ்டமர் வந்தாச்சு! ஒஹையோவிலிருந்து டெப்ரா. வயது அறுபத்து நாலு. இரண்டு தங்கைகளோடு நாலு நாள் பயணம். மெயில் எழுதும் தோரணையைப் பார்த்தால் வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம் போலிருக்கிறது. நான் மனதுக்குள் டெப்ரா அம்மா என்று பெயர் வைத்துவிட்டேன்.

அந்த அம்மா வெட்கப்படாமல் விஷயத்தைச் சொல்லிவிட்டார். தங்கைகள் சூசனும் கேத்தியும் நாலு வருடமாகப் பேசிக்கொள்வதில்லை. டெப்ராவுக்காகத்தான் இரண்டு பேரும் வரச் சம்மதித்திருக்கிறார்கள். "சும்மா உட்காரவைத்தால் சண்டை போட்டுக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் போய்விடுவார்கள். ஒரு நிமிடம்கூடக் காலியாக விடாதே. எங்களைக் களைப்பாக்கி அனுப்பு." இதுதான் ஆர்டர்.

களைப்பாக்குவதா? என்னிடம் விடுங்கள் அம்மா.

மே 21 அன்று என் புரொபேஷன் முடிகிறது. டெப்ரா அம்மா எழுதப்போகும் ரிவ்யூ நன்றாக வந்தால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் மறுபடி போனில் கிரெடிட் கார்டு விற்கப் போக வேண்டும். "வைடி போன" என்று நாள் முழுக்கக் கேட்க வேண்டும். சாமி சத்தியமா என்னால முடியாது.

29 ஏப்ரல், செவ்வாய்

டெப்ரா அம்மாவின் திட்டம் தயார். வியாழன் சட்டனூகாவில் செங்குத்தாக ஏறும் மலை ரயில், பிறகு குகைக்குள் விழும் அருவி. வெள்ளி பூமிக்கு அடியில் ஓர் ஏரி, அதில் படகு. சனி ஒக்கோயீ ஆற்றில் ரப்பர் படகு, ஹெல்மெட் எல்லாம் போட்டுக்கொண்டு. ஞாயிறு ஸ்மோக்கி மலைக்குள் கேட்ஸ் கோவ் என்ற வட்டச் சாலை, காரில் இருந்தபடியே மான் பார்க்கலாம், அதிர்ஷ்டம் இருந்தால் கரடி. எழுத எழுத எனக்கே ஆசையாக இருந்தது.

ஒரே தொல்லை, மேப். ஹோட்டலிலிருந்து மலை ரயிலுக்கு ஆறு கிலோமீட்டர், பன்னிரண்டு நிமிடம் என்கிறது. யாரிடம் கதை விடுகிறாய்? காலை நேரம், ஸ்கூல் வண்டி, ஆபீஸ் வண்டி எல்லாம் எங்கே போகும்? ஒன்றரை மணி நேரம் போட்டேன். மற்ற இடங்களுக்கும் அதே கணக்கில் தாராளமாக. டிக்கெட் எல்லாம் நேரம் குறித்தது, தவறவிட்டால் போச்சு. காரில் இருக்கும்வரை வேடிக்கை பார்ப்பார்கள், சண்டைக்கு ஏது நேரம்?

பக்கத்து சீட் நோயல் எட்டிப் பார்த்துவிட்டு, "சக்கத்தா போட்டுக்கிற ரூபினி" என்றான். காக்ஸ் டவுன்காரன், லேசில் யாரையும் பாராட்ட மாட்டான்.

2 மே, வெள்ளி

டீம் லீட் ஸ்ரீவித்யா மேடம் திட்டம் முழுவதையும் வரி வரியாகப் படித்தார். திருச்சிக்காரர், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தப்புத் தேடுவார். ஒரே ஒரு எழுத்துப் பிழை. ஓகே பண்ணிவிட்டார். மதியம் எனக்கு நானே ஒரு மசால் தோசை வாங்கிக் கொடுத்தேன்.

8 மே, வியாழன்

மழை. பொம்மசந்திராவிலிருந்து லாரிகள் வரிசை கட்டி நிற்கின்றன. இன்றைக்கு எழுத ஒன்றுமில்லை, பசிக்கிறது.

15 மே, வியாழன்

போச்சு. எல்லாம் போச்சு.

இன்று டெப்ரா அம்மாவின் முதல் நாள். கிளம்பும் நேரத்தில் அமெரிக்க ஆபீஸிலிருந்து ஸ்ரீவித்யா மேடத்துக்கு மெயில். "நாலு மைலுக்கு ஒன்றரை மணி நேரமா? சாலை ஏதாவது மூடியிருக்கிறதா?" சாலை திறந்துதான் இருக்கிறது. அங்கே பன்னிரண்டு நிமிடம் என்றால் நிஜமாகவே பன்னிரண்டு நிமிடமாம்!

மேடம் மெயிலை இரண்டு தடவை படித்தார். "ரூபினி, இத நான் பாத்துட்டுத்தானே ஓகே பண்ணேன்? எனக்கே ஒண்ணும் உறுத்தலயே!"

"எப்டி உறுத்தும் மேடம்? நாம டெய்லி சில்க் போர்டு தாண்டி வர்றவங்க" என்றான் நோயல்.

மூன்று பேரும் சிரித்துவிட்டோம். அடக்கவே முடியவில்லை. அப்புறம் மேடம் முகம் மாறிவிட்டது. "சிரிச்சது போதும். ஒரு நிமிஷம் காலியா விடாதேன்னு அந்தம்மா எழுதியிருக்காங்க. நீ மணிக்கணக்கா விட்டிருக்க. ரிவ்யூ மோசமா வந்தா என்னால ஒண்ணும் பண்ண முடியாதும்மா."

டிக்கெட் நேரத்தை மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டார்கள். நேரத்தைத் திருத்தி டெப்ரா அம்மாவுக்கு மெயில் போட்டேன். அவர் இந்நேரம் ரயிலடி பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். ஒரு பக்கம் சூசன், ஒரு பக்கம் கேத்தி. ஐயோ.

16 மே, வெள்ளி

பதில் இல்லை. போன் அடித்தால் எடுக்கவில்லை. சண்டை வந்துடுச்சா? ஒருத்தி பஸ் ஏறிப் போயிட்டாளா? நாலு வருஷம் கழிச்சு ஒண்ணா வந்தவங்கள நானே பிரிச்சு வுட்டேனா? அறிவு கெட்டவளே, மேப் சொன்னா கேக்க மாட்டியா நீ!

17 மே, சனி

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று பார்த்தால், "நாலு வருசமா பேசலியா? எதுக்காம்?" என்றுதான் முதலில் கேட்டாள். தெரியாது என்றேன்.

"நானும் உங்க பெரிம்மாவும் ஆறு வருசம் பேசல. ஒரு ஆட்டுக்கல்லுக்காவ. உங்க மாமா கல்யாணத்துல ரெண்டு பேரையும் ஒரே ரூம்ல வெங்காயம் உரிக்க வுட்டாங்க. மொத மூட்டைல சண்டை, ரெண்டாவது மூட்டைல சரியாப் போச்சு."

அம்மா, அது வெங்காயம். இது என் வேலை. எரிச்சலில் சாப்பிடாமல் எழுந்துவிட்டேன். பாவம், மீன் குழம்பு வைத்திருந்தாள். பிறகு நானே போய்த் தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

19 மே, திங்கள்

மெயில் வந்துவிட்டது! நீளமான மெயில். திறக்கக் கை வரவில்லை. நோயல்தான் மவுஸைப் பிடுங்கித் திறந்தான்.

முதல் வரியே, "உன் மேல் எனக்குக் கொலைவெறி வந்தது." சரி, கதை முடிந்தது என்று கண்ணை மூடிக்கொண்டேன். "இன்னும் படி, குரு" என்றான் நோயல்.

ரயிலடிக்குப் போனால் கதவே திறக்கவில்லையாம். பெஞ்சில் மூன்று பேர். பத்து நிமிடம் ஊமை நாடகம். பிறகு சூசன் வாயைத் திறந்தாளாம், கேத்தி பிடித்துக்கொண்டாளாம். சண்டை எதற்கு? செத்துப்போன அம்மாவின் இரும்புச் சட்டிக்கு. அம்மா அதில்தான் சோள ரொட்டி சுடுவாராம். கேத்தி யாரிடமும் சொல்லாமல் எடுத்துக்கொண்டு போய்விட்டாள் என்று சூசனுக்குக் கோபம். சூசன் அதைப் பழைய சாமானோடு போட இருந்தாள் என்று கேத்திக்குக் கோபம். ரயிலடி முழுக்க வேடிக்கை பார்த்ததாம். டெப்ரா அம்மா வெட்கத்தில் தொப்பியை முகத்தின் மேல் கவிழ்த்துக்கொண்டாராம்.

ரயில் வரும்போது இரண்டு பேரும் அழுது முடித்திருந்தார்கள்.

போனை அணைத்துப் பையில் போட்டிருந்ததால், நான் திருத்தி அனுப்பிய மெயிலைப் பயணம் முடிந்துதான் பார்த்தாராம். கையில் இருந்த பழைய தாளின்படி சனிக்கிழமை ஆற்றுக்கும் இரண்டு மணி நேரம் முன்னாலேயே போய்ச் சேர்ந்தார்கள். பாறையில் உட்கார்ந்து தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு சாண்ட்விச் சாப்பிட்டார்கள். படகில் சூசன் வலப்பக்கம், கேத்தி இடப்பக்கம். நடுவில் யார் துடுப்பை ஒழுங்காகப் போடவில்லை என்று மறுபடி சண்டை. "ஆனால் இது பழைய மாதிரி, சின்ன வயதில் போடுகிற சண்டை" என்று எழுதியிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமைதான் உச்சம். கேட்ஸ் கோவ் சாலையில் ஒரு கரடி குட்டியோடு வந்து புல்வெளியில் உட்கார்ந்துவிட்டது. படம் எடுக்க எல்லாரும் காரை நிறுத்த, மைல் கணக்கில் வண்டி நின்றுவிட்டது. முன்னாலும் பின்னாலும் ஆட்கள் முணுமுணுக்கிறார்கள். என் தாளில் மட்டும் அந்த இடத்துக்கு மூன்று மணி நேரம் என்று போட்டிருந்தது. "கரடி வரும் என்று உனக்கு எப்படித் தெரிந்தது?"

கரடி தெரியாது அம்மா. டிராஃபிக் தெரியும்.

கடைசியில், "நீ நான் சொன்னபடி செய்திருந்தால், எல்லாவற்றையும் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் வீடு திரும்பியிருப்போம்." அங்கே நான் அழுதுவிட்டேன். நோயல் டிஷ்யூ எடுக்கிறேன் என்று எழுந்து போனவன் திரும்பி வரவே நேரமானது. அவனுக்கும் பேசாத அண்ணன்கள் இரண்டு பேர்.

21 மே, புதன்

காலை பத்து மணிக்கு மீட்டிங். மேனேஜர் தப்பைப் பற்றித்தான் முதலில் கேட்டார். ரிவ்யூ நன்றாக இருந்தாலும் தப்பு தப்புதான் என்றார். ஸ்ரீவித்யா மேடம், "நானும்தான் சார் ஓகே பண்ணேன். அந்த டிராவல் டைம பெங்களூர்ல யார் பாத்தாலும் ஓகே பண்ணியிருப்பாங்க" என்றார். மேனேஜர் தினமும் ஒயிட்ஃபீல்டிலிருந்து இரண்டு மணி நேரம் டிராஃபிக்கில் வருகிறவர். சிரித்துவிட்டு, இனிமேல் மேப்பை நம்பச் சொன்னார்.

நிரந்தரம்! அம்மாவுக்குப் போன் செய்தேன். "நான்தான் வெங்காயம்னு சொன்னேன்ல" என்கிறாள்.

6 ஜூன், வெள்ளி

டெப்ரா அம்மா அடுத்த வருடத்துக்கும் புக் செய்துவிட்டார். அதே மூன்று பேர், திட்டம் நானேதான் போட வேண்டுமாம்.

இந்தத் தடவை மேப் சொன்னபடியே போட்டேன். ஹோட்டலிலிருந்து ஆற்றுக்கு இருபது நிமிடம் என்றால் இருபது நிமிடம். அதற்குக் கீழே மூன்று மணி நேரத்தைக் காலியாக விட்டேன். ஸ்ரீவித்யா மேடம் அந்த இடத்தில் விரலை வைத்தார்.

"இங்க என்ன ஆக்டிவிட்டி?"

"தண்ணில கால வுட்டுக்கினு சண்டை போடுவாங்க மேடம்."

ஓகே பண்ணிவிட்டார்.