எட்டுத் தொட்டி ஸ்ட்ராபெரி

எலவனாசூர்கோட்டை,
மாசி 22.

அன்பு மகள் செந்தமிழ்ச்செல்விக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும், அந்த ஊர்ப் பனி உங்களை ஒன்றும் செய்யக் கூடாது. போனில் பேசினால் அப்பா கட்டிலில் படுத்தபடி எல்லாவற்றையும் கேட்கிறார், அதனால்தான் எழுதுகிறேன்.

மார்கழியில் அப்பா வரப்பில் விழுந்து வலது கையும் பேச்சும் போனபோது நீ ஓடிவந்து பதினைந்து நாள் இருந்தாய், கிளம்பும் முன் வெள்ளிமலைக்குப் போய் எட்டு ஸ்ட்ராபெரிச் செடி வாங்கிவந்து அப்பா கண்ணில் படட்டும் என்று ஜன்னலுக்கு வெளியே தொட்டியில் வைத்துவிட்டுப் போனாய். உண்மையைச் சொல்கிறேன், காலையும் மாலையும் தொட்டிக்கு ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றியதோடு சரி, அதை நான் முகம் கொடுத்துப் பார்க்கவில்லை. அவரைக் குளிப்பாட்டுவது, கஞ்சி ஊட்டுவது, துணி மாற்றுவது என்று கைகால் அதுபாட்டுக்கு வேலை செய்கிறது, மனசு எங்கே கிடக்கிறதென்று தெரியவில்லை. தோட்டக்கலை ஆபீசுக்குப் போகும் பக்கத்து வீட்டு நிர்மலாதான் ஒருநாள் பார்த்துவிட்டு, இன்னாக்கா செடிய இப்படி வுட்டுட்ட, எலைக்கு அடியில பாரு, செஞ்சிலந்தி மொய்ச்சிக்கினு இருக்குது என்றாள். அவள் சொன்னபடி வெளுத்த இலையைக் கிள்ளி எரித்தேன், மற்ற இலைகளின் அடியை ஈரத்துணியால் துடைத்தேன், வேப்பெண்ணெயில் துளி சோப்பு கலந்து சாயந்திரத்தில் தெளித்தேன். விடிந்ததும் நத்தையைப் பொறுக்கி உப்புத் தண்ணீரில் போட்டேன். பூச்சி குறைந்தது, பழமும் வந்தது, ஆனால் மண்ணில் பட்ட பழமெல்லாம் சாம்பல் பூசினாற்போல் பூஞ்சை பிடித்து அழுகியது. அழுகினத எடுத்துத் தூரப் போடு, அடியில வைக்கோல் பரப்பு என்றாள், செய்தேன். அப்புறமும் மூன்று தொட்டி தேறவில்லை, இதப் புடுங்கிடுக்கா, மத்ததுக்கும் தொத்திக்கும் என்றாள்.

அப்பாவைத் தனியே விட முடியாதே, அந்த மூன்றையும் உள்ளே தூக்கிவந்து கட்டிலருகே உட்கார்ந்துதான் பிடுங்கப் போனேன். அவர் இடது கையை நீட்டி மண்ணுக்குள் விரலை விட்டு அழுத்திப் பார்த்தார். தண்ணி ஜாஸ்தி என்றார். இரண்டு மாதத்துக்கு அப்புறம் வந்த பேச்சு, செல்வி. குழறினாலும் எனக்குத் தெளிவாகக் கேட்டது. நான் சரிங்க என்று சொல்லி அவர் விரலைக் கழுவிவிட்டு, அடுப்பில் சோறு கொதித்ததால் எழுந்து போய்விட்டேன். அழுகையும் வரவில்லை, சந்தோஷமும் வரவில்லை. நிர்மலாவிடம்கூட அன்றைக்குச் சொல்லவில்லை.

பிடுங்காமல் அந்த மூன்றை மட்டும் தள்ளி வைத்தேன். இப்போது தினமும் காலையில் ஒவ்வொரு தொட்டியாகக் கொண்டுபோய்க் காட்டுகிறேன், மண்ணைத் தொட்டுப் பார்த்து ஊத்து என்கிறார், இல்லாவிட்டால் வேணாம் என்கிறார். மூன்றில் ஒன்று செத்தது, மற்ற இரண்டும் புது இலை விட்டிருக்கின்றன. நேற்று நல்ல பழம் நாலைந்து கிடைத்தது, மசித்துக் கொடுத்தேன், புளிப்பில் முகத்தைச் சுளித்துக்கொண்டே விழுங்கினார். பேச்சு மெல்ல மெல்ல வரும் என்று டாக்டர் சொல்கிறார். எனக்குத்தான் இன்னும் எதுவும் வரவில்லை, அதைப் பற்றி நீ கவலைப்படாதே, வேளைக்குச் சாப்பிடு.

நீங்கள் இருவரும் குறைவில்லாமல் இருக்க வேண்டும், உன் தலையில் கை வைத்துத்தான் சொல்கிறேன் என்று நினைத்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது போனை அவர் காதில் வைக்கிறேன். ஒரே ஒரு கேள்வி கேள். பதில் வர நேரமாகும், நீயே பதில் சொல்லிவிடாதே, காத்திரு.

இப்படிக்கு,
உன் அம்மா கமலா.