மொட்டைத் தலையைத் தேடாதே

அண்ணனூர்,
புரட்டாசி இரண்டாம் சனிக்கிழமை.

அன்பு மகள் எழிலரசிக்கு, அப்பா தன் கையாலேயே எழுதுவது.

நம்பமாட்டாய். யாரையோ உட்காரவைத்து, சொல்லச் சொல்ல எழுதி வாங்கினேன் என்று நினைப்பாய். இல்லை அம்மா. இந்தக் கோணல் எழுத்து முழுவதும் என்னுடையதுதான். ‘ழ’ வரும்போது மட்டும் பேனாவை நிறுத்தி மூச்சு வாங்கிக்கொள்கிறேன். உன் பெயரிலேயே ஒரு ழ இருக்கிறது. எழுத நேரும் என்று தெரிந்திருந்தால் வேறு பெயர் வைத்திருப்பேன்.

நாங்கள் இருவரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி கொஞ்சம் தேவலை. மாடிப்படி ஏறும்போது மட்டும் என்னைத் திட்டுகிறாள், நான்தான் படியைக் கட்டினவன் என்பதால். “பொண்ணுகிட்ட பேசணும்னா போன் போடு, இன்னாத்துக்கு இப்படிக் குனிஞ்சிகினு கீற, கூன் உழுந்துடப் போவுது” என்று இப்போதும் பின்னால் நின்று சொல்கிறாள். போன் போட்டால் நான் “சாப்ட்டியா கண்ணு” என்று கேட்டுவிட்டு அவள் கையில் கொடுத்துவிடுவேன். ஜனவரியிலிருந்து அப்படித்தானே நடக்கிறது.

பிப்ரவரியில், ரயில்வே கேட் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்கு மாலையில் எழுத்து சொல்லித்தருகிறார்கள் என்று கேள்விப்பட்டுச் சேர்ந்தேன். உன்னிடம் சொல்லக்கூடாது என்று அம்மாவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன். லாவண்யா என்று ஒரு பெண்தான் டீச்சர். தேனிப் பக்கத்துப் பெண், இங்கே அடுக்குமாடியில் இருக்கிறாள், கம்ப்யூட்டர் வேலை. கார்ஷெட்டில் அத்தனை வருடம் ரயில் பெட்டி கழுவினேனே, பெட்டி மேல் எழுதியிருந்ததை எல்லாம் சோப்புப் போட்டுத் துடைத்தேன், ஒன்றையும் படித்ததில்லை. இப்போது பூந்தமல்லி பஸ்ஸில் உட்கார்ந்தால் கடைப் பலகை ஒன்றையும் விடுவதில்லை, வாய்விட்டுப் படிக்கிறேன். பக்கத்தில் இருப்பவர் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விடுகிறார். போகட்டும். அதற்கெல்லாம் எனக்கு வெட்கம் இல்லை.

நான் வெட்கப்படுவது வேறொன்றுக்கு. அதை எழுதத்தான் எழுத்தே கற்றுக்கொண்டேனோ என்று தோன்றுகிறது.

ஜனவரியில் உன் புத்தக விழாவில் நீ மேடையில் நின்று, “எங்க அப்பா வந்திருக்காங்க, மேடைக்கு வாங்கப்பா” என்று கூப்பிட்டாய். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் எழுந்து வாசல் பக்கம் நடந்தேன். உன் அம்மாவை அங்கேயே விட்டுவிட்டு சென்ட்ரலில் ஆவடி வண்டி ஏறிவிட்டேன். விட்டுவிட்டு வந்ததற்கு இன்றுவரை அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிறேன். நீ ஒன்றும் கேட்கவில்லை. உன் பாட்டியைப் பற்றியும், பட்டாளத்துக்காரரைப் பற்றியும் எழுதியது அப்பாவுக்குப் பிடிக்கவில்லை, கோபம் என்று முடிவுகட்டிவிட்டாய். அம்மாவிடம் அப்படித்தான் சொல்லி அழுதாயாம்.

கோபம் இல்லை கண்ணு. உன் புத்தகத்தில் என்ன இருக்கிறது என்றே அப்போது எனக்குத் தெரியாது. உலகச் சண்டை நடந்த காலத்தில் ஆவடி ராணுவ கேம்ப்பில் பாத்திரம் துலக்கப் போன என் அம்மா தாயாரம்மா, ஆப்பிரிக்காவிலிருந்து வந்த கோஜோ என்ற சிப்பாயோடு பழகி என்னைப் பெற்றாள் என்பது எனக்குத் தெரியும். அதற்கு மேல் என்னிடம் அவள் வாய் திறந்ததில்லை. ஆஸ்பத்திரியில் கடைசியாகப் படுத்திருந்தபோது மிச்சத்தை எல்லாம் உன்னிடம் சொன்னாள். எழுதட்டுமா என்று நீ கேட்டபோது, “எழுதிக்கோ, ஆனா என் பேரு வரக்கூடாது” என்றேன். அதனால்தான் முதல் பக்கத்தில் ‘அப்பாவுக்கு’ என்று மட்டும் இருக்கிறது. இதையும் இப்போதுதான் நானே படித்துத் தெரிந்துகொண்டேன்.

வகுப்பில் ஓரளவு எழுத்துக் கூட்ட வந்ததும், வீட்டிலிருந்து ஏதாவது புத்தகம் கொண்டுவாருங்கள் என்றாள் டீச்சர். யார் வீட்டிலும் இல்லை. நம் வீட்டில் இருந்தது. பின்னட்டையில் உன் படம் இருக்கிறதே, அது தெரியாமல் செய்தித்தாளில் அட்டை போட்டு எடுத்துப்போனேன். பழைய புத்தகக் கடையில் வாங்கியது என்று சொன்னேன். இங்கே எல்லோருக்கும் நீ ‘பாப்பா’தான், என் அம்மா ‘ஆயா’தான். உள்ளே எழிலரசி என்றும் தாயாரம்மா என்றும் இருந்தது யாருக்கும் உறைக்கவில்லை. டீச்சர் ஒரு பக்கம் படிப்பாள், பிறகு ஆளுக்கு இரண்டு வரி நாங்கள் படிப்போம்.

‘கோஜோவின் பிள்ளை’ வகுப்பையே பிடித்துக்கொண்டது. ஸ்டேஷன் வாசலில் கருவாடு விற்கிற ராணி, கடையைச் சீக்கிரம் கட்டிவிட்டு முதல் ஆளாக வந்து உட்காருவாள். “அந்த மனுஷன் கப்பல்ல ஏறாம இருந்தா நல்லா இருந்திருக்கும் டீச்சர், கொஞ்சம் மாத்திப் படியேன்” என்பாள்.

என் முறை வந்த அன்று எனக்குக் கிடைத்த வரிகள் இவை. இப்போது பார்க்காமலே எழுதுவேன். ‘வெயில் இல்லை. ஆனாலும் திருநின்றவூரில் இறங்கும்போது தாயாரம்மா குழந்தையின் தலையை முந்தானையால் மூடியிருந்தாள்.’ ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, தடங்கலில்லாமல் படித்து முடித்தேன். டீச்சர் கைதட்டினாள். எனக்கு ஒரே சந்தோஷம். தட்டி முடித்த பிறகுதான், நான் படித்தது என் அம்மாவை என்பது புரிந்தது.

பக்கத்தில் ஜம்புலிங்கம். நீ அறிவாயே, நிலத்தை மனை போட்டு விற்று மூன்று மாடி கட்டியவர், கிருத்திகைக் குழுவுக்குத் தலைவர். அவர் என் தொடையில் தட்டி, “கருப்பன் புள்ளையத் தூக்கிகினு வந்து இறங்குறாளா? நம்ம ஊரா இருந்தா அன்னிக்கே வந்த வண்டியிலயே திருப்பி அனுப்பி இருப்போம், இன்னா அண்ணாத்தே?” என்றார். நான் சிரித்தேன். என் அம்மாவைச் சொன்னதற்கு அவரோடு சேர்ந்து சிரித்தேன்.

“வாய மூடு நைனா, அது பாவம் ஒண்டியா கீது” என்று ராணி அவரை அடக்கிவிட்டு, புத்தகம் என்னுடையது என்பதால் என்னைக் கேட்டாள், “ஏன் தாத்தா, இது நெசமா நடந்த கதைன்னு டீச்சர் சொல்றாங்களே, அந்தப் புள்ள இப்போ கீதா?”

செத்துப்போய்விட்டான் என்று சொல்லிவிட்டேன்.

“அய்யய்யோ, எப்போ?” என்றாள். போன வருடம் என்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். டீச்சருக்கும் முகம் வாடிவிட்டது. எல்லோரும் ஒரு நிமிடம் எழுந்து நிற்கலாமா என்று கேட்டாள். நின்றார்கள். ஜம்புலிங்கமும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். நானும் நின்றேன் அம்மா. எனக்கு நானே தலைகுனிந்து நின்றேன்.

அதை அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. அன்று மோர் மட்டும் குடித்துவிட்டுப் படுத்தேன்.

அதற்குப் பிறகு வந்ததுதான் இன்னும் மோசம். கதையில் அந்தப் பிள்ளை பெரியவனாகி, அவனுக்கு ஒரு மகள் பிறக்கிறாள். குழந்தைக்குக் காய்ச்சல் வந்து பிழைத்ததும், அவள் நன்றாக இருக்கவேண்டும் என்று அப்பன் ஆயுள் முழுக்கத் திருத்தணிக்கு முடி கொடுப்பதாக வேண்டிக்கொள்கிறான், மகளுக்கும் வருடா வருடம் மொட்டை போடுகிறான் என்று எழுதியிருக்கிறாய். ‘என் தலையைத் தொட்டுப் பார்க்கும்போதெல்லாம் என் உயிரின் விலையைத் தொடுவதுபோல இருக்கும்’ என்று அந்த மகள் சொல்கிறாள். ஜம்புலிங்கம் அப்படியே உருகிவிட்டார். “இவன் மனுஷன்! நம்ம அண்ணாத்தே மாதிரியே கீறான் பாரு” என்று என் முதுகில் தட்டினார்.

கதை என்றால் கொஞ்சம் பொய் இருக்கும் என்று டீச்சர் சொன்னாள். உன் புத்தகத்தில் நான் தேடிப் பார்த்தவரை பொய் அது ஒன்றுதான். அதுவும் நீ சொன்னது இல்லை, நான் உனக்குச் சொன்னது.

வேண்டுதல் எதுவும் இல்லை கண்ணு. உனக்குக் காய்ச்சல் வந்தது, ஊசி போட்டதும் போய்விட்டது. கருப்பு நிறம் இந்த ஊரில் யாருக்கும் புதிதில்லை, சுருள் முடிதான் காட்டிக்கொடுக்கும் என்று என் அம்மாவுக்குப் பயம். என் முடி கொஞ்சம் வளர்ந்தாலே வழித்துவிடுவாள். யாராவது கேட்டால் சாமிக்கு என்பாள். நானும் அதையே பிடித்துக்கொண்டேன். நீ பிறந்து, உன் தலையிலும் அதே சுருளைப் பார்த்ததும், உன்னையும் தூக்கிக்கொண்டு போனேன். ஆறாம் வகுப்பில் ஆண்டு விழா ஆட்டத்துக்காக ரிப்பன் வாங்கி வைத்திருந்தாய். அதற்கு முந்தின வாரம் வழித்துவிட்டேன். நீ அந்த ரிப்பனைக் கையில் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனாய். அதை நீ புத்தகத்தில் பெருமையாக எழுதியிருக்கிறாய். அந்தப் பக்கத்தை என்னால் ஒரே மூச்சில் படிக்க முடியவில்லை.

விழாவில் ஏன் எழுந்து போனேன் என்று இப்போது புரிந்திருக்கும். நீ முடியைக் கட்டாமல் விட்டிருந்தாய். விளக்கு வெளிச்சத்தில் தலையைச் சுற்றி அது அத்தனையும் நின்றது. கூடத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை, கைதட்டினார்கள். நான் உன் விழாவுக்கென்றே முந்தின நாள் சலூனில் உட்கார்ந்து பளபளவென்று வழித்துக்கொண்டு வந்திருந்தேன். அந்தத் தலையைக் கொண்டுவந்து உன் பக்கத்தில் எப்படி நிறுத்துவது?

அந்தப் பக்கத்தைப் படித்த பிறகு நான் சலூனுக்குப் போகவில்லை. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு திரிந்தேன். ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி வேன் வந்தது. வருடா வருடம் முதல் மொட்டை எனக்குத்தான், பெரிய பக்தன் என்று எல்லோரும் விலகி இடம் விடுவார்கள். இந்த வருடம் ஏறவில்லை. “இன்னா அண்ணாத்தே, சாமிக்கே டிமிக்கியா?” என்றார் ஜம்புலிங்கம். சாமிக்கு இத்தனை நாள் கொடுத்ததுதான் டிமிக்கி என்று சொல்ல நினைத்தேன். ஆனால் கால்வலி என்றேன்.

அடுத்த வகுப்பில்தான் தைரியம் வந்தது. பேசி இருந்தால் உளறியிருப்பேன். புத்தகத்தின் செய்தித்தாள் அட்டையைக் கழற்றி, உன் படத்தை மேலே வைத்தேன். பிறகு துண்டை அவிழ்த்தேன்.

ராணி படத்தைப் பார்த்தாள், என் தலையைப் பார்த்தாள், திரும்பப் படத்தைப் பார்த்தாள். “அட, இது நம்ம பாப்பாவாச்சே! அடப்பாவி தாத்தா, உனக்கா நாங்க எழுந்து நின்னோம்?” என்றாள். டீச்சர் சிரிக்கக்கூடாது என்று வாயைப் பொத்திக்கொண்டு, பிறகு முடியாமல் சிரித்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும். கோஜோ இறந்துபோகவில்லை என்று எனக்கு யாரும் சொல்லப்போவதில்லை. ஆனால் அவர் பிள்ளை உயிரோடு இருக்கிறான் என்று அன்று நான் சொன்னேன். தாயாரம்மா என் அம்மா என்றும் சொன்னேன். ஜம்புலிங்கத்தைப் பார்த்துத்தான் சொன்னேன்.

அவர் எழுந்து போய்விட்டார். சில நாள் வகுப்புக்கே வரவில்லை. போன வாரம் வந்தார். அதே பெஞ்சில், ஆனால் நடுவில் ஒரு ஆள் உட்காருகிற இடம் விட்டு உட்கார்ந்தார். தன் முறை வந்து படிக்கும்போது புத்தகத்தை என் பக்கமும் கொஞ்சம் திருப்பி வைத்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியவில்லை.

டீச்சர் தன் போனில், கோஜோ பிறந்த கானா நாட்டின் சந்தை ஒன்றைக் காட்டினாள். அங்கே ஒரு கிழவர் வாழைப்பழத் தாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். வெள்ளைச் சுருள் முடி. “உன் பங்காளி கீறாரு பாரு தாத்தா” என்று ராணி கூவினாள். என் தலையைப் போல இன்னொரு தலையை, உன்னுடையதைத் தவிர, அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

உன் அம்மா ஒருநாள் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து, கேட்காமலே தடவிவிட்டாள். “கல்யாணம் ஆனதுலர்ந்து இப்பத்தான் உன் முடியையே பாக்குறேன், நல்லாத்தான் கீது” என்றாள்.

புத்தகம் இரண்டாம் முறை அச்சுக்குப் போகிறது என்று அம்மாவிடம் சொன்னாயாமே. அந்த வேண்டுதலை எடுத்துவிடு. பயந்துகொண்டு வழித்தான் என்றே எழுது. மகள் அழுதாள் என்றும் எழுது. ‘அப்பாவுக்கு’ என்று இருக்கிற இடத்தில் பெயரையும் போடு. இங்கே எல்லாப் பதிவிலும் நான் மு. தட்சிணாமூர்த்தி, சின்ன வயதில் என்னைத் தன் பிள்ளை என்று பதிவுசெய்த மாமா முனுசாமியின் மு. நீ போடவேண்டிய பெயரைக் கீழே எழுதியிருக்கிறேன், அதைப் பார்த்துப் போடு.

தீபாவளிக்கு வா, முடிந்தால் முன்னாலேயே வா. உடம்பைப் பார்த்துக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு. புனேயில் குளிர் ஆரம்பித்துவிடும் என்கிறார்கள். ஸ்டேஷனுக்கு நானே வருகிறேன். கூட்டத்தில் மொட்டைத் தலையைத் தேடாதே, கண்டுபிடிக்க மாட்டாய். முடியைக் கட்டாமல் வா. எனக்கு உன்னைக் கண்டுபிடிப்பது சுலபமாக இருக்கும்.

நீ நீடூழி வாழவேண்டும், கண்ணு.

உன் அப்பா,
கோ. தட்சிணாமூர்த்தி