சிக்னலுக்கு ஓர் இரங்கல் அறிவிப்பு

ஜூலை 4, வெள்ளி

காலையிலிருந்து சாரல். இரண்டாவது காப்பிக்கும் குளியலுக்கும் இடையே, நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, ஒரு முடிவு எடுக்கப்பட்டது. இந்த வீட்டை மட்டுமன்றி மேலகரம் பேரூராட்சி முழுவதையும் பாதிக்கக்கூடிய முடிவு என்பதை உணர்ந்தே எடுத்தேன். கேபிள் டிவியைப் பற்றித் தெரு குரூப்பில் புகார் எழுதுவது. சாதாரணப் புகார் அல்ல. இரங்கல் அறிவிப்பு வடிவில்.

காரணம்: ஒரு வாரமாகப் படம் கட்டம் கட்டமாக உடைகிறது. செய்தி வாசிப்பவரின் மூக்கு ஒரு பக்கம், வாய் இன்னொரு பக்கம். நேற்று என் மனைவி கோமதி பார்க்கும் தொடரில் மாமியார் பால் டம்ளரில் எதையோ கலக்கப் போகும்போது திரை உறைந்துவிட்டது. கலந்தாளா இல்லையா என்று தெரியாமல் கோமதி ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை. அந்தக் காலத்தில் மழை பெய்தால் புள்ளி புள்ளியாகவாவது ஆள் தெரிவார். டிஜிட்டலில் அந்த இரக்கம் கிடையாது. வந்தால் முழுசாக வரும், இல்லையென்றால் நீலத் திரையில் ‘சிக்னல் இல்லை’.

இசக்கி கேபிள் என்பது இசக்கிதான். முதலாளி, லைன்மேன், வசூல், லோக்கல் சேனலின் ஆசிரியர் குழு, எல்லாம் அவன் ஒருவனே. தெருவுக்குப் போகும் ஒயர் எங்கள் மொட்டை மாடியில் அவன் நட்ட இரும்புக் குழாய் வழியாகப் போகிறது. அதனால் கேட்காமல் மாடி ஏற அவனுக்கு உரிமை உண்டு. இறங்கும்போது காப்பிக்கும்.

அவன் சேனலில் திரைக்கு அடியில் இரங்கல் அறிவிப்பு ஓடும். அதைப் பார்த்துத்தான் ஊரே துட்டி கேட்க, அதாவது துக்கம் விசாரிக்க, கிளம்பும். அதே நடையில் எழுதினேன்:

“மேலகரம் கீழத்தெரு டிவி சிக்னல் அவர்கள் நேற்று மாலை சாரலில் நனைந்து சிவலோக பதவி அடைந்தார்கள். அன்னாரின் இறுதிக் காட்சி கட்டம் கட்டமாக நடைபெற்றது. துட்டி கேட்க வருவோர் கண்ட்ரோல் ரூமுக்கு வரவும். இங்ஙனம், துயரத்தில் வாடும் இசக்கி கேபிள் குடும்பத்தார்.”

முதலில் ‘இறைவனடி’ என்று போட்டு அடித்தேன். நம் ஊர் அறிவிப்புகளில் சிவலோகம்தான் வழக்கம். நடையில் சமரசம் கூடாது.

ஜூலை 5, சனி

புகழ்.

எதிர் வீட்டு ச.பா. (சங்கரபாண்டியன், ஓய்வு பெற்ற கண்டக்டர், வருகிற எல்லாவற்றையும் எல்லோருக்கும் அனுப்பி வைப்பவர்) வாசலில் நின்றே கை தட்டினார். மதியத்துக்குள் அறிவிப்பு தென்காசி போய்விட்டதாம். சாயங்காலம் செங்கோட்டை. முப்பது வருஷம் இன்சூரன்ஸ் ஆபீசில் எழுதிய குறிப்புகளை இத்தனை பேர் படித்ததில்லை.

பத்து மணிவாக்கில் இசக்கியே வந்தான். மாடிக்குப் போய் எதையோ முறுக்கிவிட்டு இறங்கினான். தலை, சட்டை எல்லாம் ஈரம்.

“படிச்சேன் அண்ணாச்சி. செல்விதான் காட்டுனா. சிரிச்சு முடியல.”

செல்வி அவன் மனைவி. உண்மையாகவே சிரித்தான். கண்ட்ரோல் ரூமில் உள்ள டிரான்ஸ்மிட்டர் போன வாரம் இடியில் அடிபட்டுவிட்டதாம். அதிலிருந்துதான் தெரு முழுக்க சிக்னல் போகிறது. ஒட்டுப் போட்டு ஓட்டுகிறான். மதுரையில் புதிதாக ஒன்று சொல்லி வைத்திருக்கிறான், ஆடி பிறப்பதற்குள் வந்துவிடும். அதுவரை வீடுகள் கேபிளை விட்டு விலகாமல் இருக்க வேண்டும். அதுதான் அவன் கவலை. காப்பி குடித்து முடித்து டம்ளரைக் கவிழ்த்து வைத்தான்.

“அந்தக் கடைசி வரிய மட்டும் எடுத்துருங்களேன். பேரு வருதுல்லா.”

அந்த வரி போனால் மொத்தமும் விழுந்துவிடும், அறிவிப்பு என்றால் ‘இங்ஙனம்’ வேண்டும் என்று விளக்கினேன். வடிவம் பற்றிக் கொஞ்சம் பேசினேன். பொறுமையாகக் கேட்டான்.

“சரி அண்ணாச்சி. இருக்கட்டும்.”

வாங்க வேண்டியது: முட்டுவலித் தைலம், கொசுவர்த்தி, ரம்புட்டான் (சீசன் ஆரம்பம்).

ஜூலை 7, திங்கள்

யாரோ என் அறிவிப்பை வெட்டிச் சுருக்கி அனுப்பியிருக்கிறார்கள். ‘டிவி சிக்னல்’ போய்விட்டது. எஞ்சியது: மேலகரம் கீழத்தெரு, சிவலோக பதவி, இசக்கி கேபிள். சிக்கனமான எடிட்டிங். என்னால் முடிந்திருக்காது.

காலையில் சிவகிரியிலிருந்து ஒரு வேன். செல்வியின் சித்தியும் இன்னும் சிலரும், பெரிய ரோஜா மாலையோடு. தெரு முக்கிலிருந்தே “எம் மருமவனே” என்று ஒப்பாரி வைத்துக்கொண்டு வந்தார்கள். மருமகன் வாயில் பிரஷ்ஷோடு வாசலுக்கு வந்தான். சித்தி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

தெரு சிரித்தது. நானும் ஜன்னலில் நின்று சிரித்தேன் என்பதை இங்கே குறிக்க வேண்டும். ச.பா. அவன் முதுகில் தட்டி, “ஆயுசு கெட்டிடே ஒனக்கு” என்றார். எல்லோருக்கும் காப்பி. மாலையை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. வேனிலேயே திரும்பிப் போயிற்று.

கோமதி அங்கே போய்விட்டு வந்தாள். வந்து அரிசி களைந்தாள். பிறகு சொன்னாள்:

“செல்வி அடுப்படிய விட்டு வெளிய வரல. தாலியக் கையில புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. நீங்க போயி ஒரு வார்த்த சொல்லிட்டு வாங்க.”

போகவில்லை. சாரல்.

ஜூலை 10, வியாழன்

டிஷ் கம்பெனி ஏஜெண்ட் ஒருவர் வீடு வீடாக வருகிறார். சுத்தமான ஷூ. மேலகரத்துக்குப் புதியவர் என்பது அதிலேயே தெரிந்தது. போனை எடுத்து என் அறிவிப்பை எனக்கே வாசித்துக் காட்டினார். “யாரோ இந்த ஊர்க்காரர் எழுதினது சார். இதப் படிச்சாப் போதும், நாங்க பேசவே வேண்டாம்.” ‘சிவலோக’ என்பதைத் தப்பாக உச்சரித்தார். திருத்தினேன்.

எங்கள் வீட்டுக்குத் தேவையில்லை என்று கம்பீரமாக மறுத்து அனுப்பினேன். சாயங்காலம் மாடியிலிருந்து பார்த்தால் ச.பா. வீட்டில் டிஷ். அதற்கடுத்த வீட்டில். பிள்ளையார் கோயில் பக்கத்து மாடி வீட்டிலும். எல்லாம் ஒரே திசையைப் பார்த்துத் தலை தூக்கிக்கொண்டு நிற்கின்றன, பிரசங்கம் கேட்பது போல.

படம்: காலையில் கொஞ்சம். பிறகு நீலம்.

ஜூலை 16, புதன்

நாளை ஆடி. டிரான்ஸ்மிட்டர் வரவில்லை.

இசக்கி வந்தான். மாடிக்குப் போகவில்லை. கூடத்தில் நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். இதுவரை அவன் எங்கள் வீட்டில் உட்கார்ந்து பார்த்ததில்லை. மதுரைக்காரர்கள் இப்போது, மிச்சமுள்ள வீடுகளுக்குப் புதுசு எதற்கு என்று கேட்கிறார்களாம். இன்னும் கொஞ்சம் பேர் விலகினால் அனுப்ப மாட்டார்கள். அனுப்பாவிட்டால் மீதிப் பேரும் விலகுவார்கள். இதைக் கணக்குப் பாடம் போலச் சொன்னான்.

“நீங்க எழுதுனதத்தான் அண்ணாச்சி எல்லாரும் படிச்சாங்க. நீங்களே ஒரு நல்ல வார்த்த போடுங்க. கொஞ்சம் பொறுங்கன்னு. ஒங்க பேச்சக் கேப்பாங்க.”

போடுகிறேன் என்றேன். இந்த மாதிரி வேலைக்கு எனக்கு அரை மணி நேரம் போதும் என்றும் சொன்னேன்.

ஜூலை 18, வெள்ளி

போதவில்லை. இரண்டு நாளாக எழுதியவை:

“நமது இசக்கி ஓர் உழைப்பாளி.” தேர்தல் சுவரொட்டி.

“மழையென்றும் இடியென்றும் பாராமல் நமக்காகக் கம்பம் ஏறும் இசக்கி.” இதற்கு அடுத்த வரி ‘நம்மை விட்டுப் பிரிந்தார்’ என்றுதான் வரும்.

“அவர் சேவையை நாம் மறக்க முடியுமா?” இறந்தே போனான்.

“அன்புள்ள தெருவாசிகளே.” நானே சிரித்துவிட்டேன்.

ஒருவனைப் பற்றி நேராக நல்லது சொல்லும் வாக்கியம் என் கையில் இல்லை போலும். வீடு நிறையப் புத்தகம். கடைசியில் கோமதியைக் கேட்டேன். “இசக்கி நல்லவன். சிக்னல் சரியாயிரும். யாரும் கேபிள நிறுத்தாதீங்க. இதுல எழுதுததுக்கு என்ன இருக்கு?” என்றாள். அதையே எழுத்துத் தமிழாக்கிப் போட்டேன். ஒரு சொல் கூட்டவில்லை.

ஐந்து நிமிடத்தில் குரூப் முழுக்கச் சிரிக்கும் முகங்கள். கண்ணீர் வரச் சிரிப்பவை, உருண்டு சிரிப்பவை. ச.பா. குரல் பதிவாகவே அனுப்பினார்: “அண்ணாச்சி, இது முந்துனத விட டாப்பு.”

நான் நிஜமாகத்தான் எழுதியிருக்கிறேன் என்று போட்டேன்.

அதற்கும் சிரித்தார்கள்.

ஜூலை 19, சனி

குரூப்பில் உள்ளவர்களைத் தனித்தனியாகப் பார்த்துச் சொல்லலாம் என்று குடையை எடுத்துக்கொண்டு போனேன். முதல் வீட்டில் உட்காரச் சொல்லி, வீட்டுப் பெண்களையெல்லாம் கூப்பிட்டு, “இவரேதான்” என்று அறிமுகம் செய்தார்கள். அந்த இரங்கல் அறிவிப்பை வாயால் ஒருமுறை சொல்லிக் காட்டச் சொன்னார்கள். இரண்டாவது வீட்டு மாடியில் டிஷ் மாட்டிக்கொண்டிருந்தார்கள். திரும்பிவிட்டேன்.

இசக்கி வீட்டு வாசல் வரை போனேன். உள்ளே செல்வியின் குரல் கேட்டது. கோலத்தை மிதிக்காமல் கொஞ்ச நேரம் நின்றேன். வந்துவிட்டேன்.

ஜூலை 28, திங்கள்

கண்ட்ரோல் ரூம் மூடியாயிற்று. மாடியில் ஒயர் சுருட்டும் சத்தம். போனேன். இசக்கி தனியாக நின்று கையில் சுற்றிக்கொண்டிருந்தான். அந்தப் பக்கம் மலை தெரியவில்லை, முழுக்க மேகம்.

பேச எதையோ தயாரித்து வைத்திருந்தேன். ஒயரின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டேன்.

“உடுங்க அண்ணாச்சி, கையில துரு ஆயிரும்.”

“செல்வி என்ன சொல்லுதா?”

“அவ என்ன சொல்லுவா. சிவகிரிக்குப் போயிருக்கா.” ஒயரை இன்னொரு சுற்றுச் சுற்றிவிட்டு, “நீங்க வேணும்னேயா செஞ்சீங்க? நல்லாத்தான எழுதிருந்தீங்க” என்றான். குத்திக் காட்டினானா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. அவனுக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

குழாயைக் கழற்ற மனமில்லை போல. “இது இருக்கட்டும். மதினி துணி காயப் போடலாம்” என்றான். கோமதி காப்பி போட்டுவைத்திருந்தாள். பின்வாசல் வழியாகவே போய்விட்டான். நான் குடித்தேன்.

ஆகஸ்டு 2, சனி

எங்கள் வீட்டிலும் டிஷ். வேறு வழியில்லை, கோமதி கேட்கவில்லை, நான்தான் சொன்னேன். அந்தக் குழாயில்தான் மாட்டினார்கள். பால் டம்ளர் மாமியார் இப்போது வேறொரு பிரச்சினையில் இருக்கிறாள். கலந்தாளா என்று கோமதி சொல்லவில்லை. நான் கேட்டதற்கு, “அது முடிஞ்சு போச்சு” என்றாள்.

லோக்கல் சேனல் இருந்த எண்ணில் சமையல்.

ஆகஸ்டு 9, சனி

பலத்த மழை. குற்றாலம் மெயினருவியில் ஆட்களை அப்புறப்படுத்திவிட்டார்களாம். படம் உறைந்து, உடைந்து, ‘சிக்னல் இல்லை’. புகார் எண்ணுக்குப் போன் செய்தேன். தமிழுக்கு ஒன்றை அழுத்தினேன். மாலைக்குள் ஆள் வரும் என்று ஒரு பெண் குரல் சொன்னது.

நாலு மணிக்கு மணி அடித்தது. அவன் முன்பு மணி அடித்ததே இல்லை. கம்பெனிச் சட்டை, கழுத்தில் அட்டை, அட்டையில் படம். மாடிக்குப் போகலாமா என்று கேட்டுவிட்டு இசக்கி ஏறினான். காற்றில் டிஷ் திரும்பியிருந்தது. சரி செய்தான்.

கீழே வந்து போனை எடுத்தான்.

“ஓடிபி வந்திருக்கும் பாருங்க சார்.”

வந்திருந்தது. சொன்னேன். படம் தெளிவாக இருக்கிறது.