ஒரு நாள் கிடக்கட்டும்

மேசை இழுப்பறையைத் திறந்தால் இன்னும் கார்பன் தாள் வாசனைதான் வருகிறது. உங்கள் மனைவி என்னிடம் கொடுத்த கோப்பு அதற்குள்தான் இருக்கிறது.

நமக்கு வாய்த்த வேலையை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. மத்திய அரசுக்கும் மாநில அரசுகளுக்கும் இடையே பேச்சு முறிந்துவிடாமல் பார்த்துக்கொள்ளவென்றே ஓர் அமைச்சர். அவருடைய சிட்னி அலுவலகத்தில் அவருக்காகக் கடிதம் எழுத யாழ்ப்பாணத்து நீங்களும் மதுரைக்காரனான நானும். ஏதாவது ஒரு மாநிலத்திலிருந்து சுடச்சுட ஒரு கடிதம் வரும். நான் அதைவிடச் சூடாகப் பதில் எழுதுவேன். நீங்கள் அதை வாங்கி உங்கள் மேசையில் வைத்துக்கொள்வீர்கள். "இண்டைக்கு அனுப்பாதையும். ஒரு நாள் கிடக்கட்டும்." மறுநாள் அதைப் படிக்க எனக்கே வெட்கமாக இருக்கும்.

ஞாயிறுதோறும் பென்டில் ஹில்லிலிருந்து வெஸ்ட்மீட்டிலுள்ள என் வீட்டுக்கு வருவீர்கள். அந்த ஒரு மாலைக்காக வாரம் முழுவதும் காத்திருப்பேன்.

பிறகு ஒரு மாநிலத்திலிருந்து, மருத்துவமனைகளுக்குப் பணம் போதவில்லை என்று ஒரு கடிதம் வந்தது. அதற்கு நான் எழுதிய பதிலை அதிகாரிகள் முன்னால் வரி வரியாகக் கோடு போட்டு அடித்தீர்கள். அவர்கள் சிரித்தார்கள். அன்று மாலையே, இனி என் வீட்டுக்கு வராதீர்கள் என்று உங்களுக்கு எழுதித் தபாலில் போட்டுவிட்டேன். எதிரெதிர் மேசையில் உட்கார்ந்து பத்து நாள் பேசாமல் இருந்தோம். நம்மைவிட மாநிலங்களே பரவாயில்லை.

பதினோராம் நாள் காலை, ரயில் நிலையப் படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்களாம். பிறகு எழுந்திருக்கவில்லை.

கோப்பில் எனக்கு நீங்கள் எழுதிய பதில் இரண்டு வரைவுகளாக இருந்தது. முதலாவதில் என்னைக் கிழித்துத் தொங்கவிட்டு, முழுவதையும் நீங்களே அடித்திருந்தீர்கள். இரண்டாவது மிகவும் சிறியது. "ஆக்களுக்கு முன்னால அடிச்சது என்ர பிழை. ஞாயிற்றுக்கிழமை வாறன். கோப்பி போட்டு வையும்."

"அவர் போறதுக்கு முதல் நாள் பின்னேரமே எழுதி முடிச்சிட்டார், தம்பி," என்றார் உங்கள் மனைவி. "ஒரு நாள் கிடக்கட்டும் எண்டார்."

கோபத்தில் எழுதியதற்குத்தானே அந்த ஒரு நாள்? வாறன் என்று எழுதியதை ஏன் வைத்துக்கொண்டீர்கள்? அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அலுவலகத்தில் தமிழ் பேச ஆளில்லை. ஞாயிற்றுக்கிழமை கோப்பியைத் தனியாகத்தான் குடிக்கிறேன். மாநிலங்களுக்கு எழுதும் எதையும் ஒரு நாள் கிடக்க விடுகிறேன். ஊருக்கு, வருகிறேன் என்று எழுதினால் மட்டும், செருப்பைக்கூடத் தேடாமல் தபால் பெட்டிக்கு ஓடுகிறேன்.