சஷ்டிக்குச் சஷ்டி வாடகைக் கார்

3 பிப்ரவரி 1946

காலையில் நூற்றுப்பத்து இட்லி அவித்தேன். பதினான்கு பேர் சாப்பிட்டார்கள். கடைசியில் எனக்கு ஒன்றரை இட்லியும் ஒரு செய்தியும் மிஞ்சின. செய்தியை அத்தை என்னிடம் சொல்லவில்லை, ஆட்டுக்கல்லைப் பார்த்துச் சொன்னாள்.

“ஆறு வருசம் பாத்தாச்சு. இன்னும் ஆறு சஷ்டி பாப்போம். ஒண்ணும் இல்லன்னா உடன்குடிப் பொம்பளப் பிள்ளைய என் மவனுக்குப் பேசி முடிச்சிர வேண்டியதுதான்.”

இந்தத் தூத்துக்குடி வீட்டில் ஆண்கள் கருப்பட்டிக் கடை மாடியில் படுக்கிறார்கள். பெண்கள் நடுக்கூடத்தில் வரிசையாகப் பாய் விரித்து, அத்தை வாசற்படிப் பக்கம். பிள்ளை எப்படி வரும்? தபாலிலா?

4 பிப்ரவரி

புருஷன் பெயரை எழுதக் கூடாது என்பார்கள். எழுதுகிறேன்: பால்துரை. பால்துரை. பால்துரை. ஆயுள் குறைந்தால் குறையட்டும், இன்று அவ்வளவு சந்தோஷம்.

கடையிலிருந்து வந்து நேரே அத்தையிடம் போய், ஆறு சஷ்டிக்கும் நாங்கள் இருவரும் திருச்செந்தூர் போய்க் கும்பிடுவதாய் நேர்ந்துகொண்டோம் என்று சொன்னார். நான் நேரவில்லை. அவரும் நேரவில்லை. ரயிலில் போனால் இவர் அண்ணன்மார் பெண்டாட்டிகள், மூன்று மைனிமாரும் கூடக் கிளம்புவார்கள் என்று வாடகைக் கார் பேசிவிட்டார். உலகச் சண்டை முடிந்தும் பெட்ரோலுக்கு இன்னும் பஞ்சம்தான், அதனால் எல்லாம் கரியில் ஓடும் கார்.

“பின்னால பெரிய அடுப்பு கெட்டியிருக்காம்மா. ரெண்டு பேருக்கு மேல ஏற எடமில்ல” என்றார். அத்தை காரை உள்ளே எட்டிப் பார்த்ததில்லை. நம்பிவிட்டாள்.

7 பிப்ரவரி

போய் வந்தோம். ஐந்து பேர் தாராளமாய் உட்காரலாம்!

டிரைவர் செந்தூர்பாண்டி நாலைந்து மைலுக்கு ஒரு தரம் இறங்கி அடுப்பைக் கிளறி, கரி போட்டு, முகமெல்லாம் கறுப்பாய்த் திரும்புவான். அந்த நேரமெல்லாம் நாங்கள் பனைமரங்களை எண்ணுவதுபோல் இருந்தோம். இவர் என் கையைப் பிடித்தது கல்யாணப் பந்தலுக்குப் பிறகு, பகலில், இன்றுதான்.

கோயிலில் நிஜமாகவே அழுதேன். உடன்குடி வேண்டாம் முருகா என்று மட்டும் கேட்டேன். பன்னீர் இலையில் மடித்த விபூதியை இவர் ஒன்றல்ல, ஏழெட்டு வாங்கி ஒரு மிட்டாய் டப்பாவில் போட்டுக் கார் சீட்டுக்கு அடியில் வைத்தார். எதற்கு என்றேன். சிரித்தார்.

9 மார்ச்

டப்பா எதற்கு என்று இன்று தெரிந்தது. திருச்செந்தூர் கோபுரம் தெரிந்ததும் இருவரும் காரில் இருந்தபடியே கன்னத்தில் போட்டுக்கொண்டோம். கார் நிற்கவில்லை. நேரே தெற்கே, மணப்பாடு.

இவருடைய கூட்டாளி ஒருவர் கொழும்பில் வியாபாரம் செய்கிறார். மணப்பாட்டில் அவர் வீடு பூட்டிக் கிடக்கிறது. சாவி பக்கத்து வீட்டுக் கிரேசியிடம். மேட்டில் சிலுவைக் கோயில், கீழே கடல், சன்னல் முழுக்கக் காற்று. செந்தூர்பாண்டி காருக்குள்ளேயே தூங்கிவிட்டான். மீதியை எழுத மாட்டேன்.

கிரேசி சீலா மீன் குழம்பு கொண்டுவந்தாள். சஷ்டி. விரதம். இரண்டு தடவை வாங்கி ஊற்றிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் டப்பாவிலிருந்து ஓர் இலையை எடுத்து அத்தையிடம் கொடுத்தார். ஒரு மாதத்து இலை. அவள் கையில் அப்பளமாய் நொறுங்கியது.

“ஏலே, எல ஏன் சருகாட்டம் இருக்கு?”

“கரி அடுப்புச் சூடும்மா. கார்ல வச்சதெல்லாம் காஞ்சிருது.”

அத்தை விபூதியைப் பூசிக்கொண்டாள். இலையை மட்டும் தூரப் போடாமல் முந்தியில் முடிந்துகொண்டாள்.

10 மார்ச்

முருகா, நீயும் வள்ளியைத் திருட்டுத்தனமாகத்தானே கட்டினாய். உனக்குத் தெரியாததா?

7 ஏப்ரல்

மறுபடி மணப்பாடு. கார் சத்தம் கேட்டதுமே கிரேசி சாவியோடு வந்து நின்றாள். வீட்டில் மறுபடி சருகு இலை. அத்தை இந்தத் தடவை ஒன்றுமே கேட்கவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

20 ஏப்ரல்

அத்தை உடன்குடிக்குச் சொல்லி அனுப்பிவிட்டாளாம். ஆடி கழிந்ததும் பெண் வீட்டார் வருகிறார்களாம். அந்தப் பிள்ளைக்குப் பதினாறு வயது, முடி முழங்கால் வரை இருக்குமாம். இருக்கட்டுமே. எனக்கென்ன. எனக்கு என்னவா? நெஞ்சு பத்திக்கிட்டு எரியுது. இவரு வேண்டாம்னு சொன்னா அந்தக் கிழவி கேப்பாளா?

நாள் தள்ளிப் போயிருக்கிறது. முன்பும் இரண்டு தடவை இப்படிப் போய் ஏமாந்திருக்கிறேன். யாரிடமும் சொல்லவில்லை. இவரிடமும்.

6 மே

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் காரில் ஏறப் போனால், பின் சீட்டில் அத்தை. பட்டுச் சேலை, கையில் தேங்காய்ப் பை. “இதுல அஞ்சு பேரு இருக்கலாம் போலுக்கே” என்றாள். இவர் முகத்தில் ஈயாடவில்லை.

திருச்செந்தூரில் நல்லபடியாகக் கும்பிட்டோம். பச்சை இலையில் விபூதி. அத்தை அதை வாங்கி, முந்தியை அவிழ்த்து, மார்ச் மாதத்துச் சருகைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். காரில் ஏறினாள். செந்தூர்பாண்டியிடம் அன்பாகவே சொன்னாள்:

“தம்பி, எப்பவும் போற எடத்துக்கே விடு.”

அவன் என்ன செய்வான் பாவம், விட்டான். மணப்பாட்டில் கார் நின்றதும் கிரேசி ஓடிவந்தாள்.

“இந்தா தங்கச்சி சாவி. இன்னிக்கும் சீலாதான் வச்சிருக்கேன்.”

அத்தை சாவியைப் பார்த்தாள், குழம்புச் சட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். மீன் வாடை என் மூக்கில் ஏறியது. காரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன். எதிர்பார்க்கவே இல்லை, அத்தைதான் ஓடிவந்து என் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

“எத்தன நாளாச்சுளா?”

இரண்டு மாதம் என்றேன். விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தாள்.

“அப்ப மொதச் சருகு கொண்டாந்த அன்னைக்கா?”

இவர் பொத்தென்று மணலில் அவள் காலில் விழுந்தார். விழுந்தவர் சும்மா கிடந்திருக்கலாம். பயத்தில், பிள்ளை பிறந்தால் நாங்கள் இருவரும் தூத்துக்குடியிலிருந்து செந்தூருக்கு நடந்தே வருகிறோம் என்று உளறினார். இருவரும்! என்னை ஏன் இழுத்தார்?

அத்தை நிதானமாய்ச் சொன்னாள்: “முருகன்ட்ட பொய் சொன்னத அவன் பாத்துக்கிடுவான். என்ட்ட பொய் சொன்னதுக்கு நடங்க.”

பிறகு தனியாகக் கடலோரம் போனாள். வெகுநேரம் வரவில்லை. போய்ப் பார்த்தால் சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு அலையில் நிற்கிறாள். என்னைப் பார்த்ததும் சேலையை இறக்கிவிட்டு, கால் வலிக்கு உப்புத் தண்ணீர் நல்லது என்றாள்.

9 மே

உடன்குடிக்கு ஆள் போயிருக்கிறது, வர வேண்டாம் என்று சொல்ல. இட்லி அவிக்கும் வேலை மைனிமாருக்கு.

4 டிசம்பர்

ஆண் பிள்ளை. மூக்கு இவருடையது. சத்தம் அத்தையுடையது.

3 ஜூன் 1947

நேற்று வைகாசி விசாகம். நேர்ச்சை முடிந்தது. கால் இரண்டும் கொப்புளம். வேப்பெண்ணெய் போட்டுக்கொண்டு எழுதுகிறேன்.

இருபத்தைந்து மைல். காரில் கைபிடித்துக்கொண்டு போன அதே சாலை. பிள்ளை அத்தை மடியில், அத்தை காரில், அதுவும் முன் சீட்டில். ஆத்தூர்ப் பக்கம் எங்களைத் தாண்டிப் போகும்போது செந்தூர்பாண்டி ஹாரன் அடித்தான். அடிக்கச் சொன்னது அவள்தான், எனக்குத் தெரியும். இவர் நொண்டிக்கொண்டே, நடந்தே வருகிறோம் என்றதற்குப் பதில் தேங்காய் உடைக்கிறோம் என்று சொல்லியிருக்கலாமே என்றார். ஊர் சிரிக்கும் என்றும் பாராமல் அவர் முதுகில் ஒன்று வைத்தேன்.

திருச்செந்தூர் போய்ச் சேர்ந்தால் காரைக் காணோம். கோயில் வாசலில் காத்திருந்தோம். ஒரு மணி நேரம் கழித்துத் தெற்கே, மணப்பாட்டுச் சாலையிலிருந்து புகைவிட்டுக்கொண்டு வந்தது.

“காலையிலயே கும்பிட்டாச்சு. என்னா கூட்டம்” என்று சொல்லிக்கொண்டே அத்தை இறங்கினாள். பிள்ளையை வாங்கினேன். அவன் கால்விரல் இடுக்கெல்லாம் ஈர மணல். அத்தை ஓர் இலை விபூதியை என் கையில் வைத்தாள். விரல் பட்டதும் நொறுங்கியது.

சீட்டுக்கு அடியில் எங்கள் பழைய மிட்டாய் டப்பா திறந்து கிடந்தது.

விபூதியை நெற்றியில் இட்டுக்கொண்டேன்.

“கரி அடுப்புச் சூடு” என்றாள் அத்தை.