நினைவு மலரில் நான் வெட்டிய வரி

என் செல்லத் தம்பி குகன்,

உன் கட்டுரையில் ஒரு வரியை நான் வெட்டிவிட்டேன். உன்னுடைய முப்பத்தோராம் நாள் கிரியைக்கு அச்சிடும் நினைவு மலரில், பக்திப் பாடல்களுக்குப் பிறகு அந்த எட்டுப் பக்கமும் வரவேண்டும் என்று ஆஸ்பத்திரியில் கேட்டாய். ஓம் என்றேன். என்ன எழுதியிருக்கிறாய் என்று அப்போது பார்க்கவில்லை.

போன கிழமைதான் வாசித்தேன். உடம்பின் கலங்களுக்குள் சக்தி உண்டாக்கும் இழைமணி. அதன் வெளிமென்சவ்வில் பீப்பாய் போல ஒரு கால்வாய்ப் புரதம். போக்குவரத்து அதன் வழியாக. சரி, கோப்பாயில் வெங்காய மொத்தக்கடை வைத்திருக்கிறவனுக்கு வாசல் என்றால் தெரியாதா? மின்னழுத்தம் கூடினால் அந்த வாசல் மூடுமாம். அதையும் நம்பினேன். அடுத்த வரி: 'மூடிய நிலையிலும் கல்சியம் போகும்.'

மூடினால் எப்படியடா போகும்? நோய்க் களைப்பில் மாறிச் சொல்லிவிட்டாய் என்று நினைத்தேன். சனம் உன்னைப் பார்த்துச் சிரிக்கக்கூடாது என்று சிவப்புப் பேனையால் வெட்டி அச்சகத்தில் கொடுத்தேன்.

நீ சொல்லச் சொல்ல எழுதியவள் உன் மனைவி மாலதி. அச்சுப்படியோடு கடைக்கே வந்துவிட்டாள்.

"அத்தான், இதிலை ஒரு வரி எங்கை?"

"அது பிழை பிள்ளை. பூட்டின கதவாலை சாமான் போகுமே?"

"ஹர்த்தால் அண்டைக்கு நீங்கள் ஷட்டரைப் பாதி இறக்கிப்போட்டு யாவாரம் செய்யேல்லையே? மூட்டை போகாது, பை போகும். உதுவும் அப்பிடித்தான். பெரிய மூலக்கூறு நிக்கும், கல்சியம் போகும்."

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

"அந்த ஒரு வரிக்குத்தான் அவர் இவ்வளவு காலமும் ஆய்வுகூடத்திலை கிடந்தவர், அத்தான்."

விளங்கின மாதிரியும் இருக்கிறது, விளங்காத மாதிரியும் இருக்கிறது. மின்னழுத்தம் கூடினால் அது ஏன் மூடவேண்டும்? இனி யாரிடம் கேட்பேன்? வரும்போதெல்லாம் "வேலை எப்பிடியடா?" என்பேன். "போகுது அண்ணை" என்பாய். என்ன வேலை என்று ஒருநாளும் கேட்கவில்லையே, ஏன்? கேட்டிருந்தால் சொல்லியிருப்பாயா? அண்ணைக்கு எங்கே விளங்கப்போகிறது என்று விட்டிருப்பாயா?

அச்சகத்துக்குப் போய் அந்த வரியைத் திரும்பச் சேர்க்கச் சொன்னேன். அச்சகக்காரர் முகத்தைச் சுளித்தார். "பக்கம் கட்டியாச்சு அண்ணை. ஆர் உதை வாசிக்கப்போகினம்?"

"ஒருத்தரும் வாசிக்காட்டிலும் பரவாயில்லை. அவன் சொன்னது சொன்னபடி இருக்கவேணும்."

எனக்கு விளங்கவில்லை என்பதற்காக உன் எழுத்தில் இனிக் கைவைக்கமாட்டேன், தம்பி. இது சத்தியம். பேரம் பேசாமலும் வரவில்லை, என்னைத் தெரியும்தானே. முடிவாகிய பேச்சு இதுதான்: முந்நூறு பிரதி, ஒன்று இருநூற்று நாற்பது ரூபா. பக்கம் திரும்பக் கட்டுவதற்குத் தனிக் காசு இல்லை. உன் எட்டுப் பக்கத்தில் ஓர் எழுத்து மாறினாலும் முந்நூறையும் அவரே மறுபடி அடித்துத் தரவேண்டும்.

உன்ரை அண்ணை